பாவாடை கட்டிய கிண்ணம்

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மடிப்புப் பாவாடை தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதனால் தெருவே அவளை மடிப்பக்கா என்று கூப்பிட்டது. மற்றவர்கள் வைத்த மடிப்பு நாலு துவைப்பில் சொங்கிப்போகும். மடிப்பக்கா வைத்த மடிப்பு, பிள்ளை வளர்ந்து, பாவாடை தங்கைக்குப் போய், தங்கையும் வளர்ந்து, கடைசியில் அது அடுப்படிக் கரித்துணியாகும் வரைக்கும் விறைப்பாக நிற்கும். எப்படி அக்கா என்று கேட்டால், அளவு சரியாக இருந்தால் துணி தானாக நிற்கும் என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

அந்த வீட்டின் பேச்சையெல்லாம் அவள் கணவர் மொத்தக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவர் கடைசல்காரர். முன்னறையில் அவளுடைய தையல் மிஷின் ஓடும். பின்கட்டில் தகரம் போட்ட கொட்டகையில் அவருடைய கடைசல் இயந்திரம் சுழலும். மோட்டார் வேகத்தில் சுற்றும் மரக்கட்டைக்கு எதிரே நீளமான உளியைப் பிடித்தபடி நின்று கிண்ணம் கடைவார். கடையும்போதும் வாய் ஓயாது. ஆள் இருந்தால் ஆளிடம், இல்லாவிட்டால் கட்டையிடம் பேசுவார். மரச்சுருள் அவர் தலைமுடியிலும் சட்டைப்பையிலும் சாப்பாட்டுத் தட்டிலும் கிடக்கும். அவள் தைத்த பாவாடையின் மடிப்புக்குள் ஒரு சுருள் ஒளிந்துகொண்டு வாடிக்கைக்காரர் வீடுவரை போன கதையும் உண்டு.

அவர் கடைந்த கிண்ணம் கன்னம்போல வழவழவென்று இருக்கும். கிண்ணத்துக்கு அதுதான் அழகு, அதன்மேல் எதையாவது செதுக்கி வைப்பது வேலை தெரியாதவன் செய்யும் வேலை என்பது அவர் கட்சி.

ஒரு நாள் காலை டீ கொண்டுபோனவள் கொட்டகை ஜன்னலுக்கு எதிரே நின்றுவிட்டாள். ஜன்னல் கட்டையில் ஒரு கிண்ணத்தை அவர் கவிழ்த்து வைத்திருந்தார். பக்கவாட்டிலிருந்து வெயில் அதன்மேல் விழுந்தது. மேலே குறுகி, கீழே போகப்போக விரிந்து, அசப்பில் ஒரு பாவாடை. ஆனால் யாரோ மடிப்பு வைக்க மறந்துபோன பாவாடை. அவளுக்குக் கை துறுதுறுத்தது.

கிண்ணம் ஒன்று வேண்டும் என்றாள். என்னத்துக்கு என்று அவர் கேட்டார். மடிப்பு வைக்க என்றாள். அவர் டீ புரையேறும்வரை சிரித்துவிட்டு, ஓரத்தில் விரிசல் கண்ட ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

அவள் மனதில் இருந்தது இதுதான். கிண்ணத்தின் வெளிப்பக்கம் முழுக்க, அடியிலிருந்து விளிம்புவரை, நெருக்க நெருக்கமாகப் பள்ளங்கள் ஓட வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு சின்ன வாய்க்கால். இரண்டு வாய்க்காலுக்கு நடுவே கூரான வரப்பு. வாய்க்காலில் நிழல் தங்கும், வரப்பில் வெளிச்சம் ஏறும். அந்தப் பள்ளத்துக்கு அவள் வரி என்று பெயர் வைத்தாள்.

அளவு பிரிப்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு காகித நாடாவை விளிம்பைச் சுற்றிப் பிடித்து, முனையும் முனையும் சேரும் இடத்தில் கத்தரித்தாள். அதைப் பாதியாக மடித்து, பாதியைப் பாதியாக மடித்து, விரல் அகலத்துக்கு வரும்வரை மடித்துக்கொண்டே போனாள். பிரித்து மறுபடி விளிம்பில் சுற்றி, மடிப்பு விழுந்த இடத்திலெல்லாம் பென்சிலால் புள்ளி வைத்தாள். அடியிலும் அதேபோல. பிறகு புள்ளிக்குப் புள்ளி கோடு. கவராயத்தை எங்கே வைத்தோம் என்று அவர் பெட்டி பெட்டியாகத் துழாவிக்கொண்டிருந்தபோதே அவள் கோடு போட்டு முடித்திருந்தாள்.

அளவு வந்துவிட்டது. மரம்தான் வழிக்கு வரவில்லை. துணியை இப்படித் திருப்பினால் இப்படி, அப்படித் திருப்பினால் அப்படி. மரத்துக்குள் இழை ஓடுகிறது. அது ஓடுகிற பக்கம் போனால் சரி, எதிர்த்துக்கொண்டு போனால் சிலும்பிவிடும். அதுவும் கிண்ணத்தைச் சுற்றிவர வர அந்த இழை முகத்தை மாற்றி மாற்றிக் காட்டும். ஓரிடத்தில் படுத்துக் கிடக்கும், கொஞ்சம் தள்ளிப் போனால் முனையைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஒரு வரி வழுக்கிக்கொண்டு வரும். நாலு வரி தள்ளி, அதே உளிதான், அதே கைதான், மரம் பல்லைக் கடித்துக்கொண்டு மறுக்கும். கணவரிடம் கேட்டாள். கடைசல் வேறு, செதுக்கல் வேறு, செதுக்கல் தனக்குத் தெரியாது என்றார். இதைச் சொல்ல அவருக்கு ஒரு டீ ஆறும் நேரம் பிடித்தது.

ஆகவே அவள் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டாள். விளிம்பிலிருந்து அடிக்கு இழுத்தால் மரம் கிழிகிறது, அடியிலிருந்து விளிம்பு நோக்கித் தள்ளினால் இசைகிறது. ஆனால் அதே வேகத்தில் விளிம்பைத் தாண்டினால் ஓரம் பிய்ந்து போகிறது. அதனால் விளிம்புக்கு ஒரு விரல் இருக்கும்போதே நிறுத்தி, மிச்சத்தை எதிர்ப்பக்கமிருந்து மெல்லச் சீவி இரண்டையும் சேர்க்க வேண்டும். சேர்ந்த இடம் தெரியக் கூடாது. மழுங்கின கத்தரிக்கோல் துணியைக் கடிக்கிற மாதிரிதான் மழுங்கின உளி மரத்தைக் கடிக்கும் என்பதை மட்டும் யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாணைக்கல்லை எண்ணெய் விட்டு மடியில் வைத்துக்கொண்டு, கதை கேட்கிற மாதிரி கணவரின் பேச்சைக் கேட்டபடி உளி தீட்டுவாள்.

ஒழுங்காக வந்த முதல் கிண்ணத்தை அவர் கையில் வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கட்டைவிரலை வரி வரியாக இறக்கி ஏற்றினார். எந்த வரியும் அகலவில்லை, எந்த வரியும் ஒடுங்கவில்லை. வாய் திறக்காமல் கொட்டகைக்குப் போய்விட்டார். அவர் வாய் திறக்காததே பெரிய பாராட்டு என்று அவளுக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்: "நான் கடைஞ்ச கிண்ணத்துக்கு எங்க வீட்டம்மா பாவாடை கட்டி விட்டுட்டா."

கிண்ணம் எடுக்க வந்த கடைக்காரம்மா அதைப் பார்த்துவிட்டுக் கையோடு எடுத்துப்போனாள். அடுத்த முறை வந்தபோது வழவழப்புக் கிண்ணத்தைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. அப்படித்தான் பாவாடை தைப்பது குறைந்து வரி போடுவது கூடியது. வருஷங்கள் போயின. மகள் கல்யாணமாகி வெளியூர் போனாள். அவர் கடைவார், அவள் வரி போடுவாள். நடுவில் அவர் பேசுவார்.

*

அன்றைக்கு அவள் முன்னறையில் ஒரு கிண்ணத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். கொட்டகையில் அவர் பேச்சும் உளிச்சத்தமும் ஒரே நேரத்தில் நின்றன. மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஓடிப் போனபோது அவர் தரையில் உட்கார்ந்து இயந்திரத்தின் காலில் சாய்ந்திருந்தார். முகத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்து என்னவோ சொல்ல வாயெடுத்தார், வார்த்தை குழைந்து விழுந்தது. அவள் சுவிட்சை அணைத்தாள். எதிர்வீட்டு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டாள். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை, இதுவரை பேசாத பேச்சையெல்லாம் அன்றைக்கு அவளே பேசினாள்.

உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். வலது கையும் வலது காலும் சோர்ந்துவிட்டன. பேச்சு போகப்போக வரும் என்றார்கள். வீட்டுக்கு வந்தார். மகள் வந்து லீவு தீரும்வரை இருந்துவிட்டு அழுதுகொண்டே போனாள். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வரத்தான் செய்தது, ஆனால் அவர் அதை உபயோகிக்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றால் தலையாட்டுவார். வலிக்கிறதா என்றால் "ம்". கொட்டகைப் பக்கத்து ஜன்னலோரம் கட்டிலில் கிடந்து தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த அமைதியை அவளால் தாங்க முடியவில்லை. எத்தனை நாள் இந்த மனுஷன் கொஞ்சம் வாயை மூடமாட்டாரா என்று நினைத்திருப்பாள். இப்போது ரேடியோவைப் போட்டு வைத்தாள், அதுவும் சரிப்படவில்லை.

அவருடைய அக்கா ஒரு பெரிய பையோடு வந்து இறங்கினாள். தம்பியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் வந்தாள். நாத்தனார் மனசு கெட்டவள் அல்ல. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். நீ வேலையில் உட்கார்ந்தால் இவனை யார் பார்ப்பது என்று அவள் கேட்டதில் தப்பும் இல்லை.

மடிப்பக்கா துணியை மடித்து வைத்தபடியே சொன்னாள்: "தாராளமா கூட்டிட்டுப் போங்க அண்ணி. அப்படியே அந்தக் கொட்டகையையும் பேத்து எடுத்துட்டுப் போங்க. அத விட்டுட்டு அவரால எங்கயும் இருக்க முடியாது."

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். தம்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பையைப் பிரித்து, மாற்றுத் துணியை அலமாரியில் அடுக்கிவிட்டு, அடுப்படி எந்தப் பக்கம் என்று தெரியாதவள்போலக் கேட்டாள். வந்தவள் தங்கிவிட்டாள்.

உடற்பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வாரா வாரம் வந்தாள். சின்ன வயசு, பொறுமைசாலி. ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து வலது கையால் அமுக்கச் சொன்னாள். அவர் அமுக்கிப் பார்த்தார், பிறகு கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டார். அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் மறுபடி உருட்டினார். ஏன் என்று மனைவி கேட்டபோது பல நாளுக்குப் பிறகு ஒரு முழு வாக்கியம் வந்தது, தேய்ந்து தேய்ந்து: "அமுக்கினா... என்ன வருது? அதே பந்துதான் வருது."

அவள் அதை மனதில் குறித்துக்கொண்டாள்.

*

கடைந்து வைத்திருந்த கிண்ணங்கள் தீர்ந்தன. கடைக்காரம்மா வேறொரு கடைசல்காரரிடமிருந்து கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தாள். அழகான கிண்ணங்கள்தான், ஆனால் சுவர் மெல்லிசு. வரி போட்டால் உளி மறுபக்கம் எட்டிப் பார்த்துவிடும். வரி ஏற வேண்டுமானால் சுவரில் சதை இருக்க வேண்டும். அந்தக் கணக்குத் தெரிந்து கடைந்தவர் கட்டிலில் கிடந்தார்.

ஒரு காலை அவள் அவருடைய தோல் ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அது முழங்காலுக்குக் கீழே தொங்கியது. முகத்துக்குக் கண்ணாடி மாட்டினாள். சின்ன ஈரக்கட்டை ஒன்றை இயந்திரத்தில் முடுக்கினாள். இத்தனை வருஷம் பார்த்த வேலைதானே என்று உளியை நீட்டினாள். மரம் உளியைக் கடித்தது. கட்டை பிடியிலிருந்து விடுபட்டுத் தகரக் கூரையில் மோதி, வாளியைத் தட்டிவிட்டு, முற்றத்தில் போய் உருண்டது. நாத்தனார் கரண்டியோடு ஓடி வந்தாள்.

அப்போது ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கத்தல் கேட்டது.

"முதுகு! முதுகு படணும்டீ மரத்துல!"

இரண்டு பெண்களும் திகைத்து நின்றார்கள். மடிப்பக்கா சுவிட்சை அணைத்துவிட்டு, "யார் முதுகு?" என்று கேட்டாள்.

"உளியோட முதுகு! மொதல்ல முதுகு, அப்புறம்தான் வாய்."

உளியின் சரிவான பின்பக்கத்தை முதலில் சுழலும் மரத்தின்மேல் சாய்த்து, பிறகு மெல்லக் கைப்பிடியைத் தூக்கி வெட்டும் முனையைப் பட வைக்க வேண்டும் என்பது அதற்கு அர்த்தம். கட்டையை மறுபடி முடுக்கினாள். முதுகைச் சாய்த்தாள். கைப்பிடியைத் தூக்கினாள். ஒரு நீளமான ஈரச்சுருள் அவள் தோளைத் தாண்டிப் பறந்தது. உள்ளேயிருந்து அடுத்த கத்தல் வந்தது, அவசரப்படாதே என்று. நாத்தனார் முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது, வெங்காயம் என்றாள்.

மறுநாள் மடிப்பக்கா அவர் நாற்காலியைக் கொட்டகை வாசலில் போட்டாள். அன்றிலிருந்து அவர் அங்கே உட்கார்ந்து திட்டினார். வார்த்தை தடுக்கும், வேண்டிய சொல் வராமல் வேறு சொல் வரும், உளி என்பதற்குக் கரண்டி என்பார். ஆனால் திட்டு நிற்கவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் சொன்னதையெல்லாம்விட இது நன்றாக வேலை செய்கிறது என்று பயிற்சிப் பெண் சிரித்தாள். கொஞ்ச மாதத்தில் அவள் கடைந்த கிண்ணம் அவர் கடைந்ததுபோல இல்லாவிட்டாலும் கிண்ணமாக இருந்தது. சுவரும் போதுமான பருமனில் நின்றது.

பேச்சு திரும்பிவிட்டது. கை திரும்பவில்லை. மடியில் அது ஒரு விருந்தாளிபோலக் கிடந்தது. ஒரு நாள் அவள் கிண்ணத்தைக் கழற்றி வைக்கும்போது அவர் சொன்னார்: "என்கிட்ட வாய் மட்டுந்தான் வேலைக்கு வருது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

*

முன்னறையில் அவளுடைய பழைய பெடல் மிஷின் ஒன்று இருந்தது. மோட்டார் மிஷின் வந்த பிறகு அதன்மேல் பூந்தொட்டி வைத்திருந்தாள். தொட்டியை இறக்கிவிட்டு, மிஷினின் இரும்புக் காலைக் கழற்றி, தெருமுனை வெல்டிங்காரர் பட்டறைக்கு ஒரு தள்ளுவண்டியில் கொண்டுபோனாள். மனதில் இருந்ததைப் பழைய பாவாடைத் துணியில் சாக்கட்டியால் வரைந்து காட்டினாள். வெல்டிங்காரர் தலையைச் சொறிந்தார். "அக்கா, இது மிஷினா, கட்டிலா?" என்றார். இரண்டும்தான் என்றாள்.

பல தடவை செய்து, பல தடவை பிரித்து, கடைசியில் வந்து சேர்ந்தது இது. நாற்காலிக்கு எதிரே ஓர் இரும்புச் சட்டம். அதில் கிண்ணத்தைக் கவிழ்த்து மாட்டலாம். சைக்கிளின் பின்சக்கரப் பல்லைக் கொண்டு செய்த அமைப்பு ஒன்று கிண்ணத்தை ஒரு வரி அகலத்துக்கு மட்டும் நகரவிட்டு டக்கென்று நிற்கும். கீழே தையல் மிஷினின் பெடல். இடது காலால் அழுத்தினால் கிண்ணம் இறுகிக்கொள்ளும், விட்டால் சுற்றும். உளியின் கைப்பிடியில் துணி சுற்றிப் பருமனாக்கியிருந்தாள், முழுதாக மூடாத விரல்களும் அதைப் பற்றிக்கொள்ளும். மேலே ஓர் அகலப் பட்டை, கை நழுவாமல் இருக்க. வலது கை உளியின் திசையைப் பிடிக்க வேண்டும், இடது உள்ளங்கை பின்னாலிருந்து தள்ள வேண்டும். மரத்துப்போன கையில் உளி பட்டால் தெரியாதே என்று பயிற்சிப் பெண் பயந்தாள். அவளே ஒரு கெட்டியான தோலைக் கொண்டுவந்தாள், மடிப்பக்கா அதில் முழங்கைவரைக்கும் உறை தைத்தாள்.

அவரிடம் உடம்புக்கு நல்லது, கைக்கு நல்லது என்றெல்லாம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"கடையறதும் நானு, வரி போடறதும் நானுன்னா முடியலைங்க" என்றாள். "எனக்கு ஒரு ஆள் வேணும்."

அது உண்மையும்கூட. அவள் தோள்பட்டை இரவெல்லாம் குடைந்துகொண்டிருந்தது. அவர் சட்டத்தையும் பெடலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "பாவாடை தைக்கச் சொல்றியா என்னை?" என்றார். ஆமாம் என்றாள்.

அவர் போட்ட முதல் வரிகளை வரி என்று சொல்வது மரியாதைக்காகத்தான். ஒன்று மலைப்பாம்பு, ஒன்று மண்புழு. பாதியில் உளி வழுக்கி வரப்பைச் சிதைத்துவிட்டுப் போன இடங்கள் வேறு. வியர்த்து வழிய ஒரு கிண்ணத்தை முடித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டார். நாத்தனார் வாயெடுக்கும் முன்பே மடிப்பக்கா சொல்லிவிட்டாள்.

"நல்லா இல்லீங்க."

அவர் முகம் சுருங்கியது. நாத்தனார் அவளை அடுப்படிக்கு இழுத்துப்போய்ப் பிடிபிடியென்று பிடித்தாள். நோயாளியிடம் நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாய் என்றாள்.

"பொய் சொன்னா அவருக்குத் தெரிஞ்சுரும் அண்ணி. கைதான் சோர்ந்துபோச்சு, கண்ணு சோரல. நானே பொய் சொன்னேன்னா அப்புறம் அவர் யாரை நம்புவாரு?"

நாத்தனார் அன்று மத்தியானம் முழுக்கப் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். கொட்டகையில் அவர் அடுத்த கிண்ணத்தை மாட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கெட்ட கிண்ணங்கள் ஒரு சாக்கில் சேர்ந்தன. சாக்கு நிறைந்து இன்னொரு சாக்கு வந்தது. மலைப்பாம்பு மெலிந்தது, மண்புழு நிமிர்ந்தது. வரிக்கு வரி ஆழம் ஒத்துவரத் தொடங்கியது. பந்தை மறுத்த கை உளியை மறுக்கவில்லை. விரல்கள் பட்டை இல்லாமலே கைப்பிடியைப் பற்றின. பயிற்சிப் பெண் வந்து அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் கையை விடுவித்துக்கொள்ளச் சிரமமாக இருக்கிறது என்று சந்தோஷமாகப் புகார் சொன்னாள்.

ஆனால் ஒரு குறை மட்டும் போகவில்லை. ஒவ்வொரு வரியும் நேராகத் தொடங்கி, விளிம்பை நெருங்க நெருங்க இடதுபக்கம் சாய்ந்தது. அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் போவார், கடைசிப் பாதியில் தோள் கையை நெஞ்சுப் பக்கம் இழுத்துக்கொள்ளும். அவள் சட்டத்தைச் சாய்த்துப் பார்த்தாள், நாற்காலியை நகர்த்திப் பார்த்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நேராகத் தள்ளினார். அன்று தோள் வீங்கிவிட்டது. பயிற்சிப் பெண், இந்த இழுப்பு போவது கஷ்டம், கட்டாயப்படுத்த வேண்டாம் என்றாள். அவர் உளியைக் கீழே வைத்தார். மறுநாளும் அதை எடுக்கவில்லை.

மடிப்பக்கா சாய்ந்த வரி போட்ட கிண்ணம் ஒன்றை எடுத்துவந்து தையல் மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். அதைப் பார்த்தபடி ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். பொத்தான் தைத்து முடித்தும் பார்த்துக்கொண்டிருந்தாள். வரி கொஞ்சமே கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதனால்தான் அது தப்பாகத் தெரிந்தது. பாவாடைத் துணியை நேராக வெட்டினால் அது விறைப்பாக நிற்கும். அதே துணியைக் கோணலாகப் போட்டு வெட்டினால், சுழன்றுகொண்டு விழும். தையல்காரர்கள் அதற்கு உரேப் வெட்டு என்பார்கள். துணி அங்கொரு நூல் இங்கொரு நூலாகக் கோணினால் அது கெட்ட வெட்டு. முழுசாகக் கோணினால் அதற்குக் கூலியே அதிகம்.

எழுந்துபோய்ப் புதுக் கிண்ணம் ஒன்றை எடுத்தாள். வழக்கம்போல விளிம்பிலும் அடியிலும் புள்ளி வைத்தாள். ஆனால் அடியிலிருக்கும் புள்ளியை அதற்கு நேர் எதிரே விளிம்பிலிருக்கும் புள்ளியோடு சேர்க்காமல், இடதுபக்கம் சில புள்ளிகள் தாண்டி இருந்ததோடு சேர்த்தாள். கோடு கிண்ணத்தைத் தழுவிக்கொண்டு சாய்வாக ஏறியது. சட்டத்தில் மாட்டிவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

அவர் பார்த்தார். "என்ன, கோடு கோணலா இருக்கு?"

"கோணல்தாங்க. உங்க கை எந்தப் பக்கம் போகணுங்குதோ, கோடும் அந்தப் பக்கந்தான் போகுது. போங்க அதுகூட."

அவர் உளியை வைத்துத் தள்ளினார். தோள் இழுத்தது, இழுத்த பக்கமே கோடும் போயிற்று. இரண்டாவது வரி. மூன்றாவது வரி. சாய்வாகப் போகிற வரிக்கு வேறொரு சிக்கல் இருந்தது. ஒரே வரிக்குள்ளேயே இழை முகத்தை மாற்றியது. பாதி தூரம் இசைந்து வந்த மரம் பாதியில் முறைத்தது. அங்கேதான் ஆயுள் முழுக்க மரத்தோடு பேசிக்கொண்டிருந்த மனுஷனுக்கு வேலை வந்தது. எந்த இடத்தில் உளியை நிறுத்தி எதிர்ப்பக்கமிருந்து வர வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரிந்திருந்தது. சத்தம் கரகரத்தால் நிறுத்துவார். அவள் இத்தனை வருஷம் கண்ணால் பார்த்துச் செய்ததை அவர் கேட்டுச் செய்தார். அவள் பக்கத்தில் நின்று கவனித்து, அதை அவரிடமிருந்து கற்றுக்கொண்டாள்.

முடித்தபோது நாத்தனாரும் வந்து நின்றாள். சட்டத்திலிருந்து கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள் மடிப்பக்கா. வரிகள் எல்லாம் ஒரே சாய்வில் சுற்றிக்கொண்டு ஏறின. வாசலில் தட்டாமாலை சுற்றும் சிறுமியின் பாவாடை விரிகிற மாதிரி இருந்தது கிண்ணம். நின்ற இடத்திலேயே அது சுற்றியது.

"இது நல்லா இருக்குங்க" என்றாள்.

அவர் இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாத்தனார்தான் அன்றைக்கு எல்லோருக்குமாகச் சேர்த்துப் பேசினாள்.

*

கடைக்காரம்மா அந்தக் கிண்ணத்தை எடுத்துப்போனதும் ஆள்விட்டுக் கேட்டனுப்பினாள், சுற்றுகிற வரி இன்னும் உண்டா என்று. இப்போது கடை அலமாரியில் இரண்டு தட்டுகள். ஒன்றில் மடிப்பக்காவின் நேர் வரி, இன்னொன்றில் கடைசல்காரரின் சாய்ந்த வரி. எது உசத்தி என்று வாங்க வருகிறவர்கள் வாதாடுவார்களாம். வீட்டிலும் வாதம் உண்டு, வேறு மாதிரி. அவள் கடையும் சுவர் போதாது, தனக்கு ஆழமாக இறங்க வேண்டும் என்பார் அவர். ஆழமாக இறங்கினால் அது கிண்ணமில்லை, சல்லடை என்பாள் அவள். பழைய சண்டைகளில் அவர் மட்டும்தான் பேசுவார். இப்போது அவளும் சளைப்பதில்லை. கடைசல் இயந்திரத்துக்கு எதிரே நிற்கிறவர்களுக்கெல்லாம் வாய் வந்துவிடும்போலிருக்கிறது என்று நாத்தனார் சொன்னாள்.

நாத்தனார் ஊருக்குப் புறப்பட்டபோது, சுற்று வரிக் கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லித் தம்பி நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. சாக்குக்குள் கையை விட்டு, இருப்பதிலேயே மோசமான ஒன்றைத் தேடி எடுத்தாள். இது எதுக்குக்கா என்று அவர் வெட்கப்பட்டார். கடையில் இதை யாரும் வாங்கமாட்டார்கள், அதனால் இது எனக்கு என்று சொல்லிப் பைக்குள் துணிக்கு நடுவே வைத்துக்கொண்டாள்.

கால் இன்னும் இழுக்கிறது. இனி அது அப்படித்தான் என்கிறார்கள். சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொள்கிறார், மேல் பொத்தான் மட்டும் முரண்டு பிடிக்கும். கையெழுத்துப் போடச் சொன்னால் அதுவும் இடதுபக்கம் சாய்ந்துதான் வருகிறது.

பயிற்சிப் பெண் ஒரு நாள் கூடவே ஒரு பெண்ணை அழைத்துவந்தாள். பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவள், அவளுக்கும் இதே மாதிரிதான், ஆனால் இடது கையும் இடது காலும் சோர்ந்திருந்தன. மரவேலை எதுவும் அவளுக்குத் தெரியாது. சும்மா சட்டத்தைப் பார்க்கத்தான் வந்தாள். கடைசல்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து அவளை உட்கார வைத்து, சாக்குக் கிண்ணம் ஒன்றை மாட்டி, உளியைக் கொடுத்து, பேசத் தொடங்கினார். அவள் வெளியே வர மத்தியானமாகிவிட்டது. பாவம் அந்தப் பெண் என்று மடிப்பக்கா நினைத்தாள். மறுவாரமும் அவள் வந்தாள். வெல்டிங்காரர் இப்போது இன்னொரு சட்டம் செய்துகொண்டிருக்கிறார். அதற்குப் பெடல் வலது காலுக்கு.

போன வாரம் கிண்ணங்களைக் கடைக்குத் தானே கொண்டுபோகிறேன் என்றார் அவர். பஸ்ஸில், தனியாக. மடிப்பக்காவுக்குப் படிக்கட்டு உயரம், கூட்டம், இறங்கும் இடத்தில் பள்ளம் என்று சொல்ல நிறைய இருந்தது. கிண்ணங்களைத் துணி சுற்றி ஒரு தோள்பையில் அடுக்கி, பையை இடது தோளில் மாட்டிவிட்டாள். மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

அவர் காலை இழுத்து இழுத்துத் தெருவில் நடந்தார். தெருமுனையில் வெல்டிங்காரர் எதிரே வர, அவரை நிறுத்தி வைத்து என்னவோ சொல்லத் தொடங்கினார். இந்தப் பேச்சு முடிவதற்குள் ஒரு பஸ்ஸாவது போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். காலையில் அறுத்த ஈரக்கட்டை இயந்திரத்தில் காத்துக்கொண்டிருந்தது, விட்டுவைத்தால் காய்ந்து வெடித்துவிடும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டாள்.